தங்கச் சுரங்கத்தில் தண்ணீர் வந்த கதை

தங்கத்தைக் கிலோ கணக்கில் வாங்கியவள் நான். நாமக்கல்லில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்காகவே ஒரு சாக்கை ஒதுக்கி வைத்திருப்பார். அட்டை கிழிந்தவை, நடுவில் பக்கம் காணாமல் போனவை, யாரோ காபி டம்ளர் வைத்து வட்டம் போட்டவை என்று பழைய நாவல்கள் அதில் கிடக்கும். அட்டையில் கடப்பாரையோ, தாடி வைத்த வெள்ளைக்காரனோ, மலையடிவாரத்தில் ஒரு குழியோ இருந்தால் போதும், அது என் சாக்குக்கு வந்துவிடும். எடை போட்டுத்தான் கொடுப்பார். "தங்கப் புத்தகம் வந்துருக்குதுங்க" என்று அவர் போனில் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர் அடகுக்கடையும் சேர்த்து நடத்துகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இந்தக் கிறுக்கு எனக்குக் குமாரபாளையத்தில் பிடித்தது. பிறந்த வீட்டில் விசைத்தறி ஓடும். தறி ஓடுகிற வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. சாப்பிட வா என்பதற்கே கையைத்தான் ஆட்ட வேண்டும். அதனால் நான் படித்தேன். ஒருநாள் நூல் வந்த பெட்டியின் அடியில் அட்டையில்லாத புத்தகம் ஒன்று கிடந்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவன் தங்கம் தேடித் தோண்டிக்கொண்டே போகிறான். தோண்டத் தோண்ட நானும் கூடவே இறங்கிப் போகிறேன். கடைசிப் பத்துப் பதினைந்து பக்கம் இல்லை. அவனுக்குத் தங்கம் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கோபத்தில்தான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காதல் கதை எனக்கு ஒத்துவராது. யாருக்கு யார் என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துபோகும், பிறகு எதற்கு மீதிப் பக்கம்? மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் கடைசி வரை தெரியாது. ஆனால் எல்லாத் தங்கக் கதையும் ஆகாது. பாம்பு காக்கிற புதையல், மந்திரவாதி உருட்டுகிற எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தால் மூடி வைத்துவிடுவேன். எங்கோ ஒரு ஊரில், நிஜமாகவே ஒருவன் மண்ணில் தங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆணியில்தான் எழுத்தாளர் தன் பொய்யை மாட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட ஆணிகள் உலகத்தில் நிறைய. கலிபோர்னியாவில் மரம் அறுக்கும் ஆலைக்குத் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலில் ஏதோ மின்னியிருக்கிறது, அவ்வளவுதான், உலகமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நம் நீலகிரியில் தேவாலாப் பக்கம் ஒரு காலத்தில் கம்பெனி கம்பெனியாக வந்து, பங்களா கட்டி, மலையைக் குடைந்து, கடைசியில் கையை உதறிக்கொண்டு போயிருக்கிறார்கள். எருமப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு கையில் நாவலும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்து, எது நடந்தது, எது எழுத்தாளரின் கைச்சரக்கு என்று பிரிப்பேன். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். என்ன, இங்கே கல்லும் ருசியாக இருக்கும்.

என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு நிலம் இருக்கிறது. சின்ன வெங்காயமும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறோம். "ஊருல பொம்பளைங்க தங்கத்தை நகையாக் கேப்பாங்க, இவ மண்ணோட கேக்கறா" என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரை, விருந்தாளியிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். மண்ணுக்குள் இருந்து அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது தண்ணீர். அதற்கு நாவல் எழுத யாரும் இல்லையே என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்தக் கதைகளில் எனக்கு ஒரே கூட்டாளி என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன், என் கணவர் எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணியை நங்கை என்பார். எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு, ஒரு தென்னந்தோப்பு, இரண்டு எருமை. அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அக்கா டிவியில் தொடர் பார்க்க மாட்டார். அழுவதற்குக் கரண்டு வேறு செலவழிக்க வேண்டுமா என்பார். ஆனால் வெங்காயம் பிடுங்கிப் போட்டு, கொட்டகை நிழலில் தாள் அறுக்க நாலைந்து பெண்களோடு உட்கார்ந்துவிட்டால், நான் மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான். இது நெசமா, கதையா? வேர் நிஜம், தழை கதை என்று நான் சொல்வேன். முதலில் வேரைச் சொல்லிவிட வேண்டும், அது எங்களுக்குள் ஒப்பந்தம். கதை பாதியில் போகும்போது "இது தழைதான கண்ணு?" என்று நடுவில் ஒரு சந்தேகம் வரும். ஆமாம் என்றால் நிம்மதியாக வெங்காயத்தைத் தொடர்ந்து அறுப்பார். கதையில் யாராவது செத்துப் போகிற இடத்தில்தான் பெரும்பாலும் இந்தச் சந்தேகம் வரும்.

அவருக்கு மிகவும் பிடித்த வேர் ஆஸ்திரேலியாவில் கிடைத்த கட்டி. இரண்டு பேர் ஒரு மரத்தடியில் வேரைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தபோது, மேல்மண்ணைச் சற்றே தள்ளியதும் தென்பட்டது. ஆழமாகக்கூட இல்லை. ஆளைச் சாய்க்கிற கனம். அதை நிறுக்கிற அளவுக்குத் தராசு அந்த ஊரிலேயே இல்லை. கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், இரும்பு அடிக்கும் அடைகல்லில் வைத்து உடைத்து, துண்டு துண்டாக நிறுத்தார்கள். இது அத்தனையும் நடந்தது. இதை வைத்து எழுதிய கதையில், இரண்டு பேரில் ஒருவனுடைய மனைவி பட்டறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு உடைக்கவிட மாட்டேன் என்று மல்லுக்கு நிற்பாள். அது தழை. அக்கா முழுக்க முழுக்க அவள் கட்சி. ஒரு நாளாவது முழுசாக வீட்டில் வைத்துப் பார்க்க விட்டிருக்கலாம், அப்படி என்ன அவசரம் என்று அந்த இருவரையும் ஒரு வாரம் திட்டினார்.

அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் அது ஒரு பேச்சாகிவிட்டது. காய்த்த பூசணி பெரிதாக இருந்தால் தராசு கொள்ளாது, உடைத்துத்தான் நிறுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை கொழுக் மொழுக்கென்று இருந்தால் தராசு கொள்ளாது. என் கணவர் வாய்க்காலில் பிடித்த மீனின் நீளத்தைக் கையால் காட்டினால், அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, ஒடைச்சுத்தான் நிறுக்கோணும் என்பார். வெளி ஆட்கள் யாருக்கும் இது புரியாது. பெங்களூரில் இருந்து வரும் மகனுக்கும் புரியாது. அதில் எங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கேடு வந்தது. அக்காவின் தோப்பில் இருந்த போர்வெல் வற்றிப்போனது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், பிறகு வெறும் காற்று. தென்னை மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்க ஆரம்பித்தன. குடிக்கவும் எருமைக்கும் எங்கள் கிணற்றில் இருந்து ஓஸ் குழாய் இழுத்து விட்டோம். தோப்புக்கும் விடும் அளவுக்கு எங்களிடமே இல்லை. இன்னொரு இடத்தில் போட்டுப் பார்த்ததும் வீண். மகன் நல்ல பையன். அம்மா தண்ணீர் இல்லாத இடத்தில் தனியாக எதற்கு என்று கேட்டான். நிலத்தைக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றான். அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அக்கா ஒருமுறை அங்கே போய்த் தங்கிப் பார்த்தவர். பதினோராவது மாடி. மருமகள் தங்கமானவள், வேளைக்கு வேளை கவனித்திருக்கிறாள். "மண்ணு மிதிக்கோணும்னா லிப்ட்டுல எறங்கோணும் கண்ணு, அங்கயும் மண்ணில்ல, டைல்ஸுதான்" என்று திரும்பி வந்து சொன்னார். இப்போது மகனிடம் ஒரு கெடு வாங்கினார். இன்னும் ஒரே ஒரு போர் போட்டுப் பார்ப்பது. தண்ணீர் வந்தால் அவர் இங்கே. வராவிட்டால் எருமையை விற்றுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் பெங்களூர்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் உண்மை அதுதான். அவர் போய்விட்டால் நான் யாரிடம் வேரையும் தழையையும் சொல்வேன்? என் கணவரிடம் சொன்னால் இரண்டாம் வரியில் கொட்டாவி விடுவார். நாமக்கல்காரர் சாக்கு சாக்காகத் தங்கம் கொடுத்தாலும், காட்டுவதற்கு ஆள் இல்லாத தங்கம் எதற்கு ஆகும்?

போர் போடுகிற ரிக் வண்டி திருச்செங்கோட்டில் இருந்து வரவேண்டும். அது எங்கேயோ வேலையில் இருந்தது, வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களைக் கடத்துவதற்காகவே நான் கையில் இருந்ததிலேயே பெரிய நாவலைப் பிரித்தேன். தலையணை கனம். கோலார் நிஜத்தை வைத்து எழுதியது. வேர் என்னவென்றால், அந்தப் பூமியில் வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே நம் ஆட்கள் தோண்டியிருக்கிறார்கள். பாறைக்குத் தீ மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பழைய குழிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவன் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறான். தழை என்னவென்றால், கம்பெனி வேண்டாம் என்று கைவிட்ட ஒரு சுரங்கத்தில் இரண்டு பங்காளிகள் திருட்டுத்தனமாக இறங்கித் தோண்டுகிறார்கள். பங்காளிகள் என்றதுமே கொட்டகையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் போய்க்கொண்டிருந்தது. இளையவனின் நெற்றியில் வடு என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததால் அவன்தான் துரோகி என்று எனக்கு முதலிலேயே தெரியும். இந்த எழுத்தாளர்களுக்கு வடு இல்லாமல் துரோகம் எழுதத் தெரியாது. பாதி நாவலில் பங்காளிகள் ஈரப் பாறையைத் தாண்டிக் காய்ந்த பாறைக்கு வருகிறார்கள். வெள்ளைக் கல் வருகிறது. வெள்ளைக் கல்லில்தான் தங்க ரேகை ஓடும், அது நல்ல சகுனம். நான் குரலை உயர்த்தி, ஓங்கி அடித்தார்கள், வெள்ளை வெளேர் என்று புகை கிளம்பியது என்றேன்.

வெங்காயம் அறுத்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒரு பெண் உச்சுக் கொட்டினாள். "அட பாவமே, இவங்களுக்கும் பொகைதானா" என்றார் அக்கா. எங்கள் பக்கம் போர் போடும்போது தண்ணீர் வந்தால் இத்தனை இஞ்ச் என்று அளந்து சொல்வார்கள்; தண்ணீர் இல்லாமல் வெறும் தூளாகப் பறந்தால் அதற்குப் பெயர் புகை. இன்னாருக்குப் புகைதான் வந்ததாம் என்றால் எழவு விசாரிக்கிற குரலில்தான் சொல்வார்கள். நான் இல்லை, இல்லை, இது நல்ல புகை, இதற்குள்தான் தங்கம் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார்கள். ஆனால் யார் முகமும் தெளியவில்லை. நல்ல புகை என்று ஒன்று இருக்க முடியும் என்பதை நாமக்கல் ஜில்லாவில் நம்ப வைப்பது கஷ்டம்.

கடைசி அத்தியாயத்தை நான் இரண்டு முறை வீட்டில் படித்துத் தயார் செய்துகொண்டு போனேன். அழவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தங்க ரேகை கைக்கெட்டும் தூரத்தில் மின்னுகிறது. வடுக்காரன் துரோகம் செய்துவிட்டு மேலே ஏறிவிட்டான். நல்லவன் கடைசி அடி அடிக்கிறான். பாறை பிளக்கிறது. அதற்குப் பின்னால் பூமியின் வயிற்றில் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. முழங்கால், இடுப்பு, மார்பு. அவன் தங்கத்தை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து உயிரோடு மேலே வருகிறான். சுரங்கம் முழுக்கத் தண்ணீர் நிரம்புகிறது. விளிம்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். புத்தகத்தை மூடி நிமிர்ந்து பார்த்தேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். அழுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது சந்தோஷக் கண்ணீர். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் மெதுவாக என்னைக் கேட்டாள்: "எத்தனை இஞ்சுங்க தண்ணி?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அவன் வாழ்க்கையே போயிற்று, தங்கம் போயிற்று, அத்தனை வருட உழைப்பு போயிற்று, இதில் எத்தனை இஞ்ச் என்கிறீர்களே என்று சத்தம் போட்டேன். "இத்தனை தண்ணியப் பாத்துப்போட்டு எந்தக் கிறுக்கனாச்சும் அழுவானா கண்ணு?" என்றார் அக்கா. அவன் தங்கம் தேடிப் போனவன் என்றேன். தேடினது வேற, கெடைச்சது அதைவிட ஒசத்தி, அது தெரியாம அழுகறான் என்றார். எல்லோரும் அக்கா பக்கம். பாவம் எழுத்தாளர், இப்படி ஒரு கொட்டகையில் தன் சோகம் இந்தக் கதிக்கு ஆளாகும் என்று நினைத்திருக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது அக்கா வழக்கம்போல வேரைக் கேட்டார். நிஜச் சுரங்கம் இப்போது எப்படி இருக்கிறது? மூடிவிட்டார்கள், பம்ப்பை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது என்றேன். வரப்பில் நடந்துகொண்டே, பெங்களூருக்குப் போகிற வழிதானே கோலார் என்று கேட்டார். இல்லை, பாதி வழியில் பிரிந்து வேறு பக்கம் போக வேண்டும் என்றேன். "போறதுன்னு ஆச்சுன்னா அங்க கொண்டுபோயி உட்ரச் சொல்லு. தண்ணிகிட்டயாச்சும் இருந்துக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

ரிக் வருவதற்கு முந்தின நாள் தண்ணீர் பார்ப்பவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோப்பை நடந்து அளந்தார். கிழக்கு மூலையில், புளியமரத்துக்குப் பக்கத்தில், தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. அவர் அங்கே கல் நட்டார். அக்கா என் முழங்கையைக் கிள்ளி, மரத்து வேரடியில பாத்தியா என்று காதில் சொன்னார். எனக்குத் தேங்காயில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மரத்து வேர் என்றதும் என் மனசும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு வந்தது.

காலையில் வண்டி வந்தது. மஞ்சள் பிள்ளையார் பிடித்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, அக்காவே கல்லின் மேல் பூப் போட்டார். பிறகு பேச்சுக்கு இடமில்லை. ரிக்கின் சத்தத்துக்கு முன்னால் என் பிறந்த வீட்டுத் தறியெல்லாம் தாலாட்டு. மேல்மண் முடிந்து, கேசிங் பைப் இறக்கி, பாறையில் துளை போடும் பிட் இறங்கியதும் புகை கிளம்பியது. வெள்ளைப் புகை. புளியமரம், வண்டி, வேலையாட்கள், என் கணவரின் மீசை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. பைப்புக்கு மேல் பைப் மாட்டி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல புகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதியத்துக்கு மேல் தூளின் நிறம் மாறியது. நான் கிட்டே போய் ஒரு பிடி அள்ளினேன். வெயிலில் அது மின்னியது. கை முழுக்கப் பொடிப் பொடியாக, மஞ்சளாக மின்னியது. எத்தனை நாவல் படித்தும் என்ன பயன்? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் தண்ணீரை மறந்துவிட்டேன். முந்தானையில் அள்ளிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். காதருகில் குனிந்து, "காக்காப்பொன்னு" என்று கத்தினார். "காக்காய்க்கே குடுத்துரு." பொன்னாக மின்னி ஏமாற்றுகிற வெறும் கல்தூள். அப்போதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது எனக்காகச் சிரித்தது என்று தெரிந்தது.

பேசி வைத்த ஆழம் முடிந்துவிட்டது. வண்டியோடு வந்த மேனேஜர் கையைக் காட்ட, சத்தம் நின்றது. நின்றதும் காதுக்குள் ஓர் இரைச்சல். நிறுத்திக்கலாங்களா, இல்லை இன்னும் எறக்கோணுங்களா என்று அவர் என் கணவரைக் கேட்டார். என் கணவர் அண்ணியைப் பார்த்தார். இவ்வளவு ஆழம் போன பிறகு வருவது அபூர்வம் என்று மேனேஜரே சொன்னார். அவர் நியாயமான மனிதர், ஆசை காட்டவில்லை. அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"கண்ணு, கதையில இப்ப என்ன பண்ணுவாங்க?"

இத்தனை நாள் விளையாட்டாகச் சொன்னதற்கு இப்போது கணக்குக் கேட்கிறார். தோண்டச் சொல்ல எனக்கு ஆசை. சொல்லிவிட்டுப் புகையே வந்தால்? வேரை முதலில் சொல்வது எங்கள் ஒப்பந்தம். அதைத்தான் சொன்னேன். "கதையில எல்லாரும் போதும்பாங்க, அவன் மட்டும் இன்னொரு அடி அடிப்பானுங்க அக்கா. அது தழை. நெசத்துல போனவங்கள்ல பாதிப் பேரு வெறுங்கையோட ஊட்டுக்குத் திரும்பிட்டாங்க."

அக்கா திரும்பி, தொங்குகிற தென்னை மட்டைகளைப் பார்த்தார்.

"பாதிப் பேருதான?" என்றார்.

மேனேஜரிடம் திரும்பி, இன்னும் ரெண்டு பைப்பு எறக்குங்க சாமி, அதுக்கும் வரலீன்னா மஞ்சப் பிள்ளையாரைக் கரைச்சுப்போட்டுக் கெளம்பலாம் என்றார். பாதிப் பேர் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். உண்மையில் வெறுங்கையோடு திரும்பியவர்கள் பாதிக்கும் எவ்வளவோ அதிகம் என்று அந்தச் சத்தத்தில் கத்தித் திருத்தப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. நல்ல வேளை.

முதல் பைப் முழுக்கப் புகை. இரண்டாவது பைப் பாதி இறங்கும்போது புகை மெலிந்தது. பிறகு நின்றது. மேனேஜர் குனிந்து, வெளியே விழுந்த தூளைக் கையில் எடுத்து அழுத்தினார். அது உதிரவில்லை, உருண்டையாக நின்றது. அதை அவர் அக்காவிடம் நீட்டினார், கோவிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி. அக்கா வாங்கி மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். அதற்குள் குழாயில் இருந்து சேறு தெறித்தது, சேற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத் தண்ணீர் புளியமரத்தின் மேல் எழும்பி எங்கள் எல்லோர் தலையிலும் கொட்டியது. என் கணவர் மீசை மறுபடி கறுப்பாயிற்று. நான் அழுதேன். முகத்தில் தண்ணீர் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வழக்கம்போல மேனேஜர் ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே தகட்டை வைத்து அளந்து பார்த்தார். ஒண்ணேகால் இஞ்ச். பிரமாதம் ஒன்றும் இல்லை. சொட்டு நீர்க் குழாய் போட்டு, நாள்விட்டு நாள் பாய்ச்சினால் தென்னை பிழைத்துக்கொள்ளும், எருமைக்கும் வீட்டுக்கும் ஆகும், வேறு புதுசாக எதுவும் வைக்க ஆசைப்பட வேண்டாம் என்று என் கணவர் கணக்குப் போட்டார். எங்கள் பக்கத்தில் ஒண்ணேகாலுக்கு யாரும் பந்தி போட மாட்டார்கள். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, ஒரு சொம்பில் பிடித்துப் பிள்ளையாருக்கு ஊற்றினார். பிள்ளையார் கரைந்துபோனார்.

அப்போது என் போன் அடித்தது. அக்காவின் மகன். காலையில் இருந்து அவனும் சாப்பிடவில்லை போலிருக்கிறது, குரலிலேயே தெரிந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன். எத்தனை இஞ்சும்மா என்று கேட்டான். ஒண்ணேகால் என்று சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஒண்ணேகாலை நம்பி அங்கே இருப்பீர்களா என்பான். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"தராசு கொள்ளலை சாமி. ஒடைச்சுத்தான் நிறுக்கோணும்."

அந்தப் பக்கம் இருந்து இரண்டு முறை என்னதும்மா, என்னதும்மா என்று கேட்டது. பிறகு அவன், "சின்னம்மா, பக்கத்துல இருக்கறீங்களா? அம்மா என்னமோ சொல்றாங்க, ஒண்ணும் புரியலீங்க" என்றான்.

"உங்கம்மா பெங்களூருக்கு வரலையாம் சாமி" என்றேன்.